குன்னூரில் எட்டுச் சனிக்கிழமைகள்: நெட்வொர்க் ஷேர் எனுமரேஷன் வகுப்பு, ஒரு மதிப்புரை

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறும் வழியில், கம்பளிக் கடை ஒன்றின் மேல்மாடியில், எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான வகுப்பு சனிக்கிழமைதோறும் நடக்கிறது. அதில் நெட்வொர்க் ஷேர்களை, அதாவது கணினிகள் நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்களை, எனுமரேட் செய்வதற்கென்றே (பட்டியலிட்டு ஆராய்வதற்கென்றே) ஒதுக்கப்பட்ட எட்டு வாரப் பகுதியை ஒரு நாள்கூட விடாமல் முடித்துவிட்டேன். சேரலாமா வேண்டாமா என்று கோத்தகிரியிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் சிலர் கேட்டதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் என் கருத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பது உங்களுக்குத் தெரியும். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணினி சம்பந்தமான எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவன் நான். இலை எடை பதியும் கணினி, கூலிக் கணக்கான செக்ரோல் போடும் கணினி, அலுவலகத்தில் நான்கு, மூலையில் ஒரு பழைய நகல் இயந்திரம், இவை அனைத்தும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் தொங்குகின்றன. ஷேர்டு ஃபோல்டர் என்பது எனக்கு அன்றாடச் சோறு. ஆகவே, "ஷேரைப் பற்றிப் படிக்க எட்டு வாரமா?" என்ற எண்ணத்துடன்தான் முதல் நாள் படியேறினேன்.

சான்றிதழ்ப் பாடத்திட்டங்களில் எனுமரேஷனுக்குத் தனி இடம் உண்டு. சிஇஎச் (சர்ட்டிஃபைடு எத்திக்கல் ஹேக்கர்) சான்றிதழின் பாடத்தில் ஸ்கேனிங் முடிந்ததும் நான்காவது பகுதியாக அதுவே வருகிறது. ஒரு கணினியில் திறந்திருக்கும் போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாசலை, கண்டுபிடிப்பது ஸ்கேனிங்; அந்தப் போர்ட்டிடம் பேசி, உள்ளே என்ன பெயரில் எந்த ஃபோல்டர் இருக்கிறது, யாருக்கு எந்த உரிமை, எந்தெந்தப் பயனர்கள் என்று வாய்விட்டுச் சொல்லவைப்பது எனுமரேஷன். விண்டோஸ் உலகில் இது பெரும்பாலும் 445, 139 என்ற இரண்டு போர்ட்களில் எஸ்எம்பி என்ற ஃபோல்டர் பகிர்வு முறை வழியாக நடக்கிறது. யுனிக்ஸ் உலகில் 111, 2049 ஆகியவற்றில் என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறை வழியாக நடக்கிறது. இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இந்த வகுப்பில் பணம் கொடுத்துப் பெற வேண்டியது வேறொன்று, அது முதல் நாளே கிடைத்தது.

அன்று காலை முதல் ஒரு மணி நேரம் யாரும் கணினியைத் தொடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தரப்பட்டது. எந்த முகவரிகளைத் தொடலாம், எவற்றைத் தொடக்கூடாது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவில் சொல்லப்பட்ட செயல்களை நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதை ஆசிரியை பலகையில் எழுதிப்போட்டு, எட்டு வாரமும் அழிக்காமலே வைத்திருந்தார். அனுமதி இல்லாத இடத்தில் ஷேர் பெயர்களைப் பட்டியலிடுவதையும் வெறும் எட்டிப்பார்த்தல் என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அவர் மாணவர்களுக்குப் புரியவைத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மிரட்டலாகவும் இல்லை, சடங்காகவும் இல்லை.

பிறகு லேப். ஒன்பது கணினிகள், ஒவ்வொன்றிலும் எட்டு ஜிபி ராம். ஒவ்வொன்றிலும், பாதுகாப்புச் சோதனை டூல்களோடு வரும் காளி லினக்ஸ் ஒரு விர்ச்சுவல் மெஷினாகவும் (கணினிக்குள் ஓடும் கணினி), தாக்குதல் பயிற்சிக்கென்றே ரேபிட்7 நிறுவனம் வெளியிட்ட மெட்டாஸ்ப்ளாயிடபிள் 2 மற்றொரு விர்ச்சுவல் மெஷினாகவும் நிறுவப்பட்டிருந்தன. எஸ்எம்பிகிளையன்ட் என்ற டூலைக் கொண்டு, கடவுச்சொல் இல்லாமல், அந்த இயந்திரத்தின் ஷேர்களைப் பட்டியலிடச் சொன்னார். கட்டளையைத் தட்டியதும் ஒன்பது திரைகளிலும் ஒரே விடை வந்தது: புரோட்டோகால் நெகோஷியேஷன் ஃபெயில்டு, அதாவது பேச்சு முறை ஒத்துவரவில்லை. ஆசிரியை எதுவும் சொல்லாமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து எங்கள் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த அரவங்காட்டுத் தம்பி "ஷேர் எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தான். சொல்லப்போனால் நானும் அதையே வேறு சொற்களில் எழுதியிருந்தேன். அவர் சிவப்பு மையால் "இல்லை" என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே "தெரியவில்லை" என்று எழுதித் திருப்பித் தந்தார்.

"ஏனுங்க அண்ணா, கதவைத் தட்டினீங்க, உள்ளே இருக்கிறவருக்கு உங்க பாஷை புரியலை. அதுக்காக வீட்டில ஆளே இல்லைன்னு எழுதிடுவீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கோயம்புத்தூர்ப் பேச்சு அவருக்கு.

நடந்தது இதுதான். மெட்டாஸ்ப்ளாயிடபிள் 2இல் ஓடுவது, லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பாவின் 3.0.20 பதிப்பு. அது எஸ்எம்பியின் முதல் பதிப்பில் மட்டுமே பேசும். 2019இல் வந்த சாம்பா 4.11 முதல், இந்தப் பக்கத்து டூல்கள் எஸ்எம்பி 2க்குக் கீழே இறங்கிப் பேசுவதைத் தாமாகவே தவிர்த்துவிடுகின்றன. குறைந்தபட்சப் புரோட்டோகாலை என்டி1 (எஸ்எம்பியின் முதல் பதிப்பு) என்று கட்டளையிலேயே குறிப்பிட்டுச் சொன்னால்தான் இருவரும் பேசத் தொடங்குவார்கள். அப்படிச் சொன்னதும் பட்டியல் வந்து விழுந்தது: பிரின்ட் டாலர், டிஎம்பி, ஓபிடி, ஐபிசி டாலர், அட்மின் டாலர். டிஎம்பி என்ற ஷேருக்கு எதிரே "ஓ நோஸ்!" என்று அதைத் தயாரித்தவர்கள் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து வகுப்பே சிரித்தது. எஸ்எம்பிமேப் என்ற டூலைக் கொண்டு உரிமைகளைச் சோதித்தபோது, அந்த டிஎம்பியில் மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் முடியும் என்பதும், ஓபிடி எங்களுக்குத் திறக்காது என்பதும் தெரிந்தன.

இங்கே அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. எழுதும் உரிமை இருக்கிறதா என்பதை எஸ்எம்பிமேப் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? அந்த ஷேருக்குள் ஒரு ஃபோல்டரை உண்மையிலேயே உருவாக்கிப் பார்த்துவிட்டு அழிக்கிறது. பார்க்க மட்டும்தான் அனுமதி என்று தாளில் கையெழுத்திட்டிருந்தால், அந்த ஒரு செயலே ஒப்பந்த மீறல். அந்தச் சோதனையை நிறுத்துவதற்கென்று தனிச் சுவிட்ச் அந்த டூலில் இருக்கிறது. அதைப் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை ஓடவைத்து, மறுமுனையில் பதிவுகள் எப்படி மாறுகின்றன என்று எங்களையே படிக்கவைத்தார். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இது மதிப்பெண் தராது. வேலைக்குப் போகிறவனுக்கு இதுதான் உதவும்.

"இல்லை" என்றும் "தெரியவில்லை" என்றும் பிரித்து எழுதும் அந்தப் பழக்கத்தை அவர் ஒவ்வொரு வாரமும் வேறொரு பக்கத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். மூன்றாம் வாரத்தில் ஆர்ஐடி சுற்று வந்தது. விண்டோஸிலும் சாம்பாவிலும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. அதன் கடைசித் துண்டுதான் ஆர்ஐடி. 500 என்றால் நிர்வாகி, 501 என்றால் விருந்தினர். பயனர் பட்டியலைச் சர்வர் நேரடியாகத் தர மறுத்தாலும், எண்ணை ஒவ்வொன்றாகக் கொடுத்து "இது யார்?" என்று கேட்டால் சில சர்வர்கள் பெயரைச் சொல்லிவிடும். எனம்ஃபோர்லினக்ஸ் என்ற டூல் இதைத் தானே செய்கிறது. எங்களை அந்த ஒரு வேலையை மட்டும் செய்யச் சொன்னார். ரூட், டீமன், பின் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. ஆனால் மெட்டாஸ்ப்ளாயிடபிளில் எல்லாரும் உள்நுழையும் எம்எஸ்எஃப்அட்மின் என்ற பயனரைக் காணவில்லை. இருக்கிறார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில்தான் அந்தப் பெயரில் உள்ளே போயிருந்தோம்.

விடை கணக்கில் இருந்தது. வீச்சு எது என்று நாம் சொல்லாமல் விட்டால், அந்த டூல் 500 முதல் 550 வரையும், 1000 முதல் 1050 வரையும்தான் கேட்கும். பழைய சாம்பா, லினக்ஸ் பயனர் எண்ணை இரண்டால் பெருக்கி ஆயிரத்தைக் கூட்டி ஆர்ஐடி ஆக்கியது. ரூட்டின் எண் 0, ஆகவே ஆர்ஐடி 1000. எம்எஸ்எஃப்அட்மினின் எண் 1000, ஆகவே ஆர்ஐடி 3000. எங்கள் கேள்வி 1050இலேயே நின்றுவிட்டது. ஆர்பிசிகிளையன்ட் என்ற டூல் வழியாகப் பயனர் பட்டியலைக் கேட்டபோது அவர் பெயருக்கு எதிரே பிபி8 என்ற பதினாறடிமான எண் வந்தது. அதைப் பத்தடிமானத்தில் மாற்றினால் சரியாக 3000. குளிரில் விறைத்த விரல்களுடன் அந்தக் கணக்கைத் தாளில் போட்டு விடை பொருந்தியபோது எனக்கு வந்த சந்தோஷம், பள்ளியில் அல்ஜீப்ரா புரிந்த அன்று வந்ததற்குக் குறைந்ததில்லை. யூடியூபில் இதே டூலைப் பத்து முறையாவது ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். வீச்சு எங்கே நிற்கிறது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

டீ இடைவேளைகளும் வீணாகவில்லை. வர்க்கியை டீயில் நனைத்தபடி, சாம்பாவின் பெயர் வந்த கதையை அவர் சொன்னார். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் தன் மென்பொருளுக்கு முதலில் வைத்த பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கொண்டாடியதால், எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடச் சொல்லிக் கணினிக்குக் கட்டளையிட்டாராம். வந்த பட்டியலில் சாம்பா இருந்தது. மற்றபடி அந்த டீயைப் பற்றி நான் கருத்துச் சொல்லாமல் இருப்பதே நல்லது. தேயிலைத் தொழிற்சாலைக்காரனுக்குச் சனிக்கிழமையும் அந்த டஸ்ட்டைக் கொடுத்தால் மனம் ஒப்பாது.

இப்போது குறைகள். முதலாவது சிறியது அன்று. நான்காம் வாரம், டூல்களைப் புதுப்பிப்பதற்காக லேப் சுவிட்சை யாரோ கட்டடத்தின் பொது இணைய இணைப்பில் செருகியிருக்கிறார்கள். வகுப்பு தொடங்கியபின்னும் அதை எடுக்கவில்லை. நாங்கள் ஸ்கேனிங் டூலான என்மேப்பை ஓடவிட்டபோது ஒரு மாணவியின் திரையில், எங்கள் தாளில் இல்லாத ஒரு முகவரி, 445 திறந்த நிலையில், கணினிப் பெயருடன் வந்து நின்றது. பெயரைப் பார்த்தால் கீழ்க்கடையின் பில்லிங் கணினி என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பெண் உடனே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு "மேடம்" என்றாள். ஆசிரியை ஓடிவந்து கேபிளைப் பிடுங்கினார், வகுப்பை அத்துடன் நிறுத்தினார், கீழே போய்க் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் நடந்துகொண்ட முறையில் பழுதில்லை. ஆனால் முதல் நாள் அத்தனை அழுத்தமாக எல்லைத் தாள் எழுதவைத்த இடத்தில், எல்லையைக் காக்க வேண்டிய கம்பி ஒன்றே ஒன்று, அதையும் யார் வேண்டுமானாலும் செருகலாம் என்ற நிலை இருந்திருக்கக் கூடாது. அடுத்த வாரம் சுவிட்சைப் பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அது முதல் வாரமே நடந்திருக்க வேண்டியது.

இரண்டாவது குறை என்எஃப்எஸ் பகுதி. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த இந்த முறைக்கு இங்கே ஒரே ஒரு மதியம்தான் கிடைத்தது. அந்த மதியத்திலும் மழையில் மரம் விழுந்து மின்சாரம் போய், யுபிஎஸ் இருபது நிமிடத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டது. நடந்த வரைக்கும் நன்றாகவே நடந்தது. என்எஃப்எஸ் ஷேர்களைப் பட்டியலிடும் ஷோமவுன்ட் கட்டளை கொடுத்ததும், மெட்டாஸ்ப்ளாயிடபிள் தன் முழு வட்டையும் உலகத்தில் உள்ள அனைவருக்கும் திறந்துவைத்திருக்கிறது என்பது ஒரே வரியில் தெரிந்தது. நம் பக்கத்து ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) அந்தப் பக்கத்திலும் ரூட்டாகவே மதிக்கப்படும் நோ ரூட் ஸ்குவாஷ் என்ற அமைப்பு அங்கே போடப்பட்டிருப்பதன் ஆபத்தையும் செய்து காட்டினார். பழைய முறை என்எஃப்எஸ், ஆள் யார் என்று கேட்பதில்லை, எண் என்ன என்றுதான் கேட்கிறது என்பதை விளங்கவைக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எங்கள் ஊருக்கே உரியது: இலை போடும்போது முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தில் இருக்கும் சப்ளையர் நம்பரை மட்டும் பார்த்து எடையை வரவு வைத்தால், அடுத்தவர் நம்பரைச் சொல்பவனுக்கு அடுத்தவர் பணம் போகும். சிரித்தோம். எங்கள் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது என்பதை நான் சொல்லவில்லை.

ஆனால் மின்சாரம் போனபின் கையில் கொடுத்த அச்சுக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: ஷோமவுன்ட் வெறுமையாக வந்தால் என்எஃப்எஸ் ஷேர் இல்லை என்று பதிவுசெய்க. அவருடைய சிவப்பு மையே அடிக்க வேண்டிய வரி அது. ஷோமவுன்ட் பேசுவது மவுன்ட் டீமன் என்ற பின்னணிச் சேவையிடம். என்எஃப்எஸின் நான்காம் பதிப்புக்கு அந்த டீமன் தேவையில்லை, 2049 ஒன்றே போதும். நான்காம் பதிப்பை மட்டும் ஓட்டும் சர்வரிடம் ஷோமவுன்ட் பிழைச் செய்தியோடு திரும்பும். ஆனால் அதன் வேரையே மவுன்ட் செய்து (நம் கணினியோடு இணைத்து) உள்ளே பார்த்தால் பகிர்ந்த ஃபோல்டர்கள் நிற்கும். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில் இப்படி ஒரு சர்வரை அமைத்துப் பார்த்து, திரையைப் படமெடுத்துக்கொண்டுபோய் அடுத்த வாரம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "தப்புதானுங்க அண்ணா. அடுத்த பேட்சுக்கு மாத்திடறேன்" என்றார். எங்கள் பேட்சில் எல்லாருடைய குறிப்பிலும் அவரே கையால் திருத்தினார். ஆனால் கடைசி நாள், புதிய பேட்சுக்காக அச்சடித்து மேசையில் அடுக்கியிருந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அதே வரி அப்படியே இருந்தது.

மூன்றாவது குறை காலம். லேப்பில் உள்ள விண்டோஸ் இயந்திரங்களில் மிகப் புதியது சர்வர் 2008 ஆர்2. அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். 2017 மார்ச்சில் எம்எஸ்17-010 என்ற திருத்தம் வந்தும் போடாமல் விட்டவர்களை மே 12 அன்று வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் எப்படிப் பிடித்தது என்ற பாடம் அந்த இயந்திரத்தில்தான் உயிரோடு நடந்தது. ஏழாம் வாரம், நிறுவனத்தின் எல்லாக் கணினிகளும் அமைப்புகளைப் படிக்கும் சிஸ்வால் ஷேரில் தேடி, குழுக் கொள்கைக் கோப்பில் மறையாக்கம் செய்து வைக்கப்பட்ட கடவுச்சொல்லை எடுத்தோம். மறையாக்கத்துக்கான சாவியை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலேயே வெளியிட்டிருந்ததால் அதைப் பிரிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. 2014இல் வந்த எம்எஸ்14-025 திருத்தம் புதிதாக அப்படி வைப்பதைத்தான் தடுக்கிறது, ஏற்கெனவே கிடக்கும் கோப்பை அழிப்பதில்லை என்று அவர் சொன்னதும், திருத்தம் போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கும் நிர்வாகிகளில் ஒருவனாக நான் கொஞ்சம் நெளிந்தேன். இவையெல்லாம் சரி. ஆனால் இன்று அலுவலகங்களுக்குள் வந்துகொண்டிருப்பது விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு. அதில், செய்தியை வழியில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்எம்பி கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். விருந்தினராக நுழைவதும் புரோ பதிப்பில் அடைக்கப்பட்டுவிட்டது. பழைய இயந்திரத்தில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிய கட்டளைகள் இங்கே பாறையில் மோதி நிற்கும். அந்தப் பாறையின் முன் என்ன செய்வது, எதைக் குறித்துக்கொள்வது என்ற பாடம் இந்த எட்டு வாரத்தில் இல்லை. டூல்களிலும் இதே நிலைதான். விண்டோஸ் நெட்வொர்க்குகளைச் சோதிக்கும் ஒரு டூலின் பெயர் குறிப்பில் கிராக்மேப்எக்ஸெக் என்றே அச்சாகியிருக்கிறது. அதன் வேலையை நெட்எக்ஸெக் என்ற பெயரில் வேறொரு குழு எடுத்து நடத்தத் தொடங்கி ஆண்டுகள் ஆகின்றன.

ஐந்தாம் வாரம் முடிந்த அன்று, முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு எங்கள் தொழிற்சாலை நெட்வொர்க்கை நானே பார்த்தேன். என்மேப்பின் எஸ்எம்பி புரோட்டோகால்ஸ் ஸ்கிரிப்ட், செக்ரோல் கணினியைப் பற்றி முதல் வரியிலேயே முதல் பதிப்பு எஸ்எம்பி உயிரோடு இருப்பதாகச் சொல்லி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆபத்தானது, ஆனாலும் இயல்பு நிலை என்று எழுதியது. இயல்பு நிலை இல்லை அது. விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் அதை நிறுவாமலே விட்டது. புதுக் கணினி வாங்கிய அன்று நகல் இயந்திரம் ஸ்கேன் செய்த தாளை ஃபோல்டருக்கு அனுப்ப மாட்டேன் என்று அடம் பிடித்ததால், நானேதான் கன்ட்ரோல் பேனலுக்குப் போய் அதைத் திரும்ப முடுக்கிவிட்டேன். அது மட்டுமன்று, ஸ்கேன் என்ற பெயரில் நான் திறந்த ஷேரில் எவ்ரிஒன் என்பவருக்கு முழு உரிமை கொடுத்திருந்தேன். அதே ஃபோல்டரின் கீழே, பழைய கூலிப் பட்டியல்கள் ஆதார் நகல்களோடு கிடந்தன. எஸ்எம்பிமேப் அந்த வரியைப் படிக்கவும் எழுதவும் முடியும் என்று காட்டியபோது, அலுவலகத்தில் வேறு யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அன்றிரவே நகல் இயந்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பும்படி மாற்றி, ஷேரை மூடி, முதல் பதிப்பை நீக்கினேன். இந்த ஒரு இரவுக்கே கட்டணம் கழிந்துவிட்டது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கட்டணம் எட்டு வாரத்துக்கு ₹9,500; இரண்டு தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள். தேர்வுக் கட்டணம் இதில் சேராது. மாதிரிக் கேள்வித்தாள், மனப்பாடப் பட்டியல் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நான்கு மணி நேரத்தில் 125 கேள்விகள் கேட்கும் சிஇஎச்சுக்கு வேண்டிய போர்ட் எண் அட்டவணை ஒரு பக்கம் தருகிறார், அதற்கு மேல் அந்தப் பக்கம் போவதில்லை. செய்து காட்டும் தேர்வு எழுதுகிறவர்களுக்கும், என்னைப்போல் சிறு அலுவலகங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வேன், போங்கள் என்று. என்எஃப்எஸ்ஸையும் புதிய விண்டோஸையும் வீட்டில் தனியே உட்கார்ந்து படிக்கத் தயாராக இருக்க வேண்டும். அந்த ஷோமவுன்ட் வரியைக் கையில் குறிப்பு வாங்கிய உடனே அடித்துவிடுங்கள்.

வகுப்பு காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. அறையில் ஒன்பது கணினிகளின் சூடு மதியத்துக்கு மேல்தான் உறைக்கத் தொடங்கும். அதுவரை ஸ்வெட்டர் போதாது, கம்பளியும் வேண்டும். பனியில் வண்டிச்சோலை வழியாகக் கோத்தகிரி திரும்புகிறவர்கள், கடைசி அரை மணி நேரக் கேள்வி பதிலை விட்டுவிட்டுக் கிளம்ப நேரிடும். அந்த அரை மணி நேரத்தில்தான் அவர் மனம்விட்டுப் பேசுவார் என்பது எனக்கு ஆறாம் வாரம்தான் தெரிந்தது.

நான் ஓஎஸ்சிபி என்ற செய்முறை ஹேக்கிங் தேர்வுக்கு ஜனவரியில் நாள் குறித்திருக்கிறேன். 23 மணி 45 நிமிடம், கேமரா பார்த்துக்கொண்டே இருக்க, இடையில் மின்சாரம் போனால் விளக்கம் சொல்லி நேரம் போகும் என்பதால், மழைக்காலத்தில் வீட்டில் எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை. உறைபனி மாதத்தில் இலை வரத்துக் குறைந்து தொழிற்சாலை இரவில் ஓடாது. ஜெனரேட்டர் மட்டும் தயாராக இருக்கும். அலுவலக அறையைக் கேட்டிருக்கிறேன். டீமேக்கரிடமும் வாட்ச்மேனிடமும் அன்று முழுவதும் கதவைத் தட்ட வேண்டாம், டீகூடக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வாட்ச்மேன் அண்ணன் மட்டும், உள்ளே அப்படி என்னதான் பண்ணப் போறே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.